மலைப்பாம்புக்கு ஒரு பின்வாசல்

காலை ஆறு பத்து. கூண்டுக்குள் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிமென்ட் சாக்கு.

புதுக் கூண்டு. பாறை, சின்னக் குளம், கிளை விரித்த மரம், செம்மண் தரை... இவ்வளவும் இருக்க, மூலையில் அழுக்காக ஒரு சாக்கு. எடுக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சாக்கு மெல்ல எழும்பித் தாழ்ந்தது. அடியில் மலைப்பாம்பு.

அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், வனத்துறை அனுமதியோடு நடக்கும் சிறிய விலங்கு மறுவாழ்வு மையம் அது. கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஏறி இந்தப் பாம்பின் முதுகு நசுங்கியது. பிழைத்துக்கொண்டது. ஆனால் இரையைச் சுற்றி இறுக்க இனி முடியாது. அதனால் காட்டில் விடவும் முடியாது. மிச்ச வாழ்நாள் கூண்டில்தான்.

அந்தக் கூண்டாவது காடு மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தார் மையத்தின் கால்நடை மருத்துவர் கவிதா. பாறை கட்ட வந்தவர் ஏழுமலை — சுற்றுவட்டாரக் கோபுரங்களில் சுதைச் சிற்பம் செய்கிறவர். அவர் செய்த பாறையைத் தட்டிப் பார்த்தால்தான் சிமென்ட் என்று தெரியும். நடுவே, பாம்பு படுக்க ஒரு குகை. வாசல் பார்வையாளர் பக்கம். வெளிச்சம் உள்சுவர் வரை விழும். நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

குடிவந்த நாளிலிருந்து பாம்பு சாப்பிடவில்லை.

இதற்கு முன் அது இருந்தது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். கீழே பழைய செய்தித்தாள். நான் வாராவாரம் எழுதும் பத்தியும் அதில் இருந்திருக்கலாம். அதன்மேல் படுத்து ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்தது!

"இந்த வாரமும் இரை எடுக்கலன்னா ட்யூப் வெச்சுத்தான் ஊட்டணும் சார்" என்றார் கவிதா. "புடிச்சு நேரா நீட்டணும். அந்த முதுகு தாங்குமானு தெரியல."

சொல்லி அனுப்பியிருந்ததால் ஏழுமலையும் வந்துவிட்டார். சாக்கைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ, என் சாக்கு. அன்னிக்கே மறந்து உட்டுட்டேன்மா. எடுத்துடட்டா?"

"தொடாதீங்கண்ணா. இந்தக் கூண்டுல அதுக்குப் புடிச்சது அது ஒண்ணுதான்."

அவர் முகம் சுருங்கியது. "கிண்டல் பண்றீங்களா டாக்டரம்மா?"

"இல்லண்ணா. தப்பு என்னுது. சூடு, ஈரம், மண்ணு எல்லாம் பார்த்துப் பார்த்து செஞ்சேன். குகைக்கு முன்னாடி நாள்பூரா ஜனம் நிக்கும்னு யோசிக்கல. முன்பக்கம் அடைச்சிட்டு பின்னாடி வாசல் வைங்க."

"அடைச்சா ஒண்ணும் தெரியாதே?"

"தெரியக் கூடாது."

ஏழுமலை பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஜனத்துக்கு முதுகு காட்டி உக்கார்ற சாமிய நான் செஞ்சதே இல்லம்மா."

"இது சாமி இல்லண்ணா. பேஷன்ட்."

அவரைக் குறை சொல்ல முடியுமா? இந்த ஊரில் வரிசையில் நிற்பதும், எட்டிப் பார்ப்பதும், பார்த்துவிட்டால் நிம்மதியாவதும் நமக்குப் பழக்கம். காடு என்றாலும் நமக்குப் பார்க்கும் பொருள்தான்: பச்சை, பாறை, தண்ணீர். பாம்புக்கு? யாரும் பார்க்காத இடம்.

ஏழுமலை அன்றே உளியை எடுத்தார். தான் செதுக்கிய குகை வாயைத் தானே அடைத்தார். பின்பக்கம், உடம்பு உரசிக்கொண்டு நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. வேலை முடியும்வரை பாம்பு பழைய டப்பாவில் இருந்தது. இம்முறை அங்கேயும் எலியைத் தொடவில்லை. சிமென்ட் காய்ந்ததும் மறுபடி கூண்டுக்கு வந்தது. சாக்கும் உள்ளே போனது.

பௌர்ணமி அன்று மாலை. கிரிவலம் வந்தவர்கள் இங்கேயும் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கய்யா பாம்பு? காலிக் கூண்டைக் காட்டி ஏமாத்துறீங்களா?" என்றார் ஒருவர்.

"சாமி இல்லாத கோயிலுக்குக் கதவு எதுக்கு?" என்றார் அவர் மனைவி. கூட்டம் சிரித்தது.

பொந்தைப் பார்க்க வந்திருந்த ஏழுமலை சிரிக்கவில்லை. "உள்ளதாம்மா இருக்குது. சாமிக்கு நைவேத்தியம் வெக்கச்சொல்ல திரை போடுவாங்க இல்ல? அப்டி நெனச்சுக்கோங்க."

அந்த அம்மாள் செருப்பைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார். பின்னால் மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

கூட்டம் போனதும் கவிதா பின்வாசல் பக்கம் ஒரு எலியை வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை எலி இல்லை. பாம்பை யாரும் பார்க்கவில்லை.