வெறும் பிக்கப்பிலை ஒரு பாரம்

மற்ற மெக்கானிக்குகளிட்டைச் சனம் ஓடாத வாகனத்தைக் கொண்டுபோகும். என்னட்டை மட்டும் நல்லா ஓடுற வாகனத்தைக் கொண்டுவந்து, "இது நிக்கிற விதம் எனக்குப் பிடிக்கேல்லை" எண்டு சொல்லும். லண்டனிலை டூட்டிங் கடைத்தெருவுக்குப் பின்னாலை ஒரு சின்னக் கராஜ் வைச்சிருக்கிறன். ஸ்பிரிங் மாத்திறது, பின்னுக்குத் திறந்த தட்டு வைச்ச பிக்கப் வண்டியளை உயர்த்திறது, பதிக்கிறது, இதுதான் என்ரை பிழைப்பு. நீங்களும் வாடிக்கையாளரோடை மாரடிக்கிற ஆளெண்டால் என்ரை கட்சிதான், உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். மற்றவை நம்பமாட்டினம். பாதி நாள் நானே நம்புறேல்லை.

அரிசிக்கடைக்காரரும் மேல்மாடியும்

முதலிலை இந்த லெவலிங் கிட் விசயத்தைச் சொல்லிப்போடுறன். பிக்கப் வெறுமையா நிக்கேக்கை மூக்குக் கொஞ்சம் பதிஞ்சு, பின்பக்கம் உயர்ந்து நிக்கும். அது குறையில்லை. பின்னுக்குப் பாரம் ஏத்தினால் பின் பதிஞ்சு சமனா வரட்டும் எண்டுதான் அப்பிடிச் செய்து விடுறாங்கள். எங்கடை ஆக்களுக்கு அது பொறுக்காது. "வாகனம் கும்பிட்டுக்கொண்டு நிக்குது, வடிவில்லை" எண்டு வருவினம். முன் ஸ்பிரிங்குக்கு மேலை இரும்புத் துண்டு வைச்சு மூக்கை ரெண்டு விரல் உயர்த்திவிட்டால் சமன். அந்தத் துண்டுகளுக்குப் பேர்தான் கிட்.

பரமேஸ் அண்ணை அரிசிக்கடை வைச்சிருக்கிறவர். "நீங்கள் மூட்டை ஏத்திற ஆள், உங்களுக்கு இது வேண்டாம்" எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன். கேட்டால்தானே! ஒற்றைக்காலிலை நிண்டார், போட்டுக் குடுத்தன். அடுத்த கிழமை மூட்டையளோடை வாசலிலை வந்து நிண்டார். பின்பக்கம் நிலத்திலை, மூக்கு வானத்திலை. மனுசன்ரை முகத்திலை ஈயாடேல்லை. "தம்பி, ரோட்டிலை இருக்கிற வீடுகளின்ரை மேல்மாடியெல்லாம் வடிவாத் தெரியுது, ரோட்டு மட்டும்தான் தெரியேல்லை."

லைட் அடிக்கிற சனம்

ஜெயம் வந்தது மார்கழி மாதத்திலை. க்ரொய்டன் பக்கம் வேலி போடுற வேலை அவனுக்கு. ஊரிலை வேலிச் சண்டை பிடிச்ச பரம்பரை இங்கை வெள்ளைக்காரற்றை தோட்டங்களுக்கு வேலி அடிச்சுச் சாப்பிடுது எண்டு நான் அவனைப் பகிடி பண்ணுறனான். அவனுக்குக் கண்ணன் எண்டு ஒரு கூட்டாளி. பிரான்சிலை ஒரே அறையிலை கிடந்து, ஒண்டா லண்டனுக்கு வந்து, ஒண்டாப் பிக்கப் வாங்கி, ஒண்டா வேலை செய்தவங்கள். ஐப்பசியிலை கண்ணனுக்கு நெஞ்சு நொந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கையே எல்லாம் முடிஞ்சுது. கலியாணம் கட்டாத பெடியன். எனக்கும் நல்ல கவலை.

"அண்ணை, முன்பக்கத்தை உயர்த்தவேணும். கிட் போடலாமோ?" எண்டு ஜெயம் கேட்டான். ஏனெண்டு கேட்டால், காலமை யன்னலாலை பார்க்கேக்கை மூக்குப் பதிஞ்சு நிக்குதாம், ரோட்டிலை போனால் எதிரை வாற வாகனமெல்லாம் லைட் அடிக்குதாம். எனக்கு விசர் வந்திட்டுது. எதிரை வாறவன் உனக்கு லைட் அடிச்சால், உன்ரை லைட் அவன்ரை கண்ணிலை குத்துது எண்டு அர்த்தம். அப்ப உன்ரை மூக்கு உயர்ந்து கிடக்கு. இன்னும் உயர்த்தி என்ன செய்யப்போறாய், பிளேன் ஓட்டப் போறியோ?

போய்ப் பார்த்தன். பிக்கப் உண்மையிலேயே பின்னுக்கு அமந்துதான் நிண்டுது. "பின்னுக்கு என்னத்தை ஏத்தி வைச்சிருக்கிறாய்?" எண்டு கேட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தன். ஒண்டும் இல்லை. கூட்டித் துடைச்ச வெறுந் தட்டு. சரி, ஸ்பிரிங் போயிட்டுது, விட்டிட்டுப் போ எண்டன். அவன் பிக்கப்பின்ரை திறப்பைத் தராமல் கையிலை உருட்டிக்கொண்டு நிண்டான். "அண்ணை, லைட் அடிக்கிறவை என்னைப் பார்த்து அடிக்கேல்லை, எனக்குப் பின்னுக்குப் பார்த்துத்தான் அடிக்கினம்."

செந்திலின்ரை டேப்

என்னோடை வேலை செய்யிற செந்தில் திருச்சிக்காரன். கெட்டிக்காரன், ஆனா வாய் நீளம். ஜெயம் பஸ் எடுத்துப் போன பிறகு அவன்தான் பிக்கப்பை உயர்த்தி, பின் ஸ்பிரிங்கை ஒவ்வொரு தகடாத் தட்டிப் பார்த்தான். வெடிப்பில்லை, துருக்கறள் இல்லை, புதுச் சாமான் மாதிரிக் கிடக்கு. இறக்கி வைச்சு, சில்லின்ரை நடுவிலை இருந்து மட்கார்ட் வரைக்கும் அளவு டேப் பிடிச்சான். மூக்குப் பதிஞ்சு, பின் உயர்ந்து, கொம்பனி எப்பிடி விட்டதோ அப்பிடியே நிக்குது. காலமை பின்னுக்கு அமந்து நிண்டதை என்ரை ரெண்டு கண்ணாலையும் பார்த்தனே! நிலம் சரிவாக்கும் எண்டு எனக்கு நானே சமாதானம் சொன்னன். எனக்குப் பேய் பிசாசிலை நம்பிக்கை இல்லை, டேப்பிலைதான் நம்பிக்கை.

அடுத்த நாள் மத்தியானம் ஜெயம் வந்தான். செந்தில் பின்சில்லுக்குப் பக்கத்திலை குந்தியிருந்து டேப்பைப் பிடிச்சபடி எனக்கு அளவு சொல்லிக்கொண்டு இருந்தான். ஜெயம் கேற்றைத் திறந்து உள்ளுக்கு ஒரு அடி வைச்சதுதான் தாமதம், "கிரீச்" எண்டு பின் ஸ்பிரிங் அழுத்துப்பட்டுது. மட்கார்ட் கீழை வந்து செந்திலின்ரை பெருவிரலிலை முட்டிச்சுது. ஒருத்தர் பாய்ஞ்சு ஏறி, இறக்கி விட்ட பின்கதவிலை இருந்தால் எப்பிடிப் பதியுமோ, அப்பிடியேதான். செந்தில் டேப்பை விடேல்லை, எழும்பவும் இல்லை. "அண்ணே, அவரு இன்னும் வாசல்லதான நிக்கிறாரு, அப்ப வண்டில ஏறினது யாருண்ணே?"

சிக்னலிலை நிண்ட வான்

பயந்தனோ எண்டு கேட்டால், ஓம், பயந்தன். ஆனா எனக்கு ஒரு கெட்ட குணம், பயந்தால் கோபம் வரும். "வா, ஓடிப் பார்ப்பம்" எண்டு ஜெயத்தைப் பக்கத்திலை இருத்திக்கொண்டு நானே ஓடினன். குளிர்காலம், பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிப்போச்சு. எதிரை வந்த பஸ் லைட் அடிச்சுது. பிறகு ஒரு டாக்சி. பிறகு ஒரு மனிசி காரை மெதுவாக்கி, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனா. ஸ்பீட் பிறேக்கரிலை ஏறி இறங்கேக்கை பின்பக்கம் பொத்தெண்டு விழுந்து எழும்பிச்சுது. வெறும் பிக்கப் அப்பிடி விழாது, துள்ளும். எத்தனை வருசமா இந்த வேலை செய்யிறன், எனக்குத் தெரியாதே! கண்ணாடியிலை பின்னுக்குப் பார்க்க மனம் வரேல்லை. ஜெயமும் பார்க்கேல்லை.

சிக்னலிலை நிக்கேக்கை ஒரு வான் பக்கத்திலை வந்து நிண்டுது. உள்ளுக்கு இருந்த வெள்ளைக்காரப் பெடியன் யன்னலை இறக்கிப்போட்டு, சிரிச்சுக்கொண்டுதான் சொன்னான். அவன் இங்கிலீசிலை சொன்னதை அப்பிடியே தமிழிலை தாறன். "உங்கடை ஆளை முன்னுக்கு ஏத்துங்கோ, பாவம், இந்தக் குளிருக்கை சாப்பாட்டுப் பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறான்."

செத்த வீட்டிலை வந்த சொல்

நேரா ஒரு சாப்பாட்டுக் கடை வாசலிலை கொண்டுபோய் நிப்பாட்டி, ஜெயத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போனன். தேத்தண்ணி வந்துது. அவன் அதைத் தள்ளி வைச்சிட்டுச் சொல்லத் தொடங்கினான். கண்ணன் ஒருநாளும் பிக்கப்புக்கு உள்ளை இருந்து சாப்பிடமாட்டானாம். மழையெண்டாலும் பின்கதவை இறக்கிப்போட்டு, அதிலை இருந்து காலை ஆட்டிக்கொண்டுதான் சாப்பிடுவானாம். பின்னேரம் வேலை முடிய ஜெயம் திறப்பை எடுத்துக்கொண்டு ஒரு குரல் குடுப்பான், "வாடா, போவம்." அந்தக் குரலுக்குத்தான் கண்ணன் எழும்புவானாம். வருசக்கணக்கா அதே ரெண்டு சொல்.

எங்கடை ஆக்கள் செத்த வீட்டுக்குப் போனால் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். "போயிட்டு வாறன்" எண்டும் சொல்லக்கூடாது, "வாங்கோ" எண்டும் சொல்லக்கூடாது. சத்தம் போடாமல் எழும்பிப் போறதுதான் வழமை. ஜெயத்துக்கும் அது தெரியும். கண்ணனை எரிக்கிற இடத்திலை பெட்டிக்கு முன்னாலை திரை மூடி, சனமெல்லாம் வெளியிலை போட்டுதாம். இவன்தான் கடைசி. பொக்கற்றுக்குள்ளை கை விட்டுத் திறப்பை எடுத்திருக்கிறான், கதவடியிலை நிண்டு திரும்பிப் பார்த்திருக்கிறான். மிச்சத்தைத் தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னான்.  "வாய் தவறி 'வாடா, போவம்' எண்டிட்டன் அண்ணை, அவன் வந்திட்டான்."

சுதா வந்த நாள்

ரெண்டு நாளாலை ஜெயத்தின்ரை மனிசி சுதா அவனோடை பிக்கப்பிலை கராஜுக்கு வந்தா. நல்ல பொறுமைசாலி, அண்டைக்கு முகம் கறுத்துக் கிடந்துது. எனக்கு முன்னாலையே புருசனைப் பிடிச்சா. "இண்டைக்கு இவர் அந்தாளைப் பிக்கப்பாலை இறங்கச் சொல்லவேணும். இல்லாட்டி நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இல்ஃபோர்ட்டிலை அக்காவிட்டைப் போறன். பிறகு இவர் கூட்டாளியோடையே குடும்பம் நடத்தட்டும்." பிள்ளை ஒவ்வொரு நாளும் யன்னலடியிலை நிண்டு பிக்கப்புக்குக் கை காட்டுதாம். எந்தத் தாய் பொறுப்பா, நீங்களே சொல்லுங்கோ.

ஜெயம் பின்கதவை இறக்கினான். பிக்கப் பின்னுக்கு அமந்து நிண்டுது. "டேய்" எண்டு தொடங்கினான், அதுக்கு மேலை வரேல்லை. திரும்பவும் "டேய்" எண்டான். பிறகு என்னட்டைத் திரும்பி, "அண்ணை, அவனுக்கு இங்கை என்னை விட்டால் ஆர் இருக்கினம்? இறங்கு எண்டால் எங்கை போவான்?" எண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழத் தொடங்கிட்டான். எனக்கும் கண் கலங்கிச்சுது. எரிச்ச பிறகு செய்யிற கிரியையெல்லாம் ஊரிலை கண்ணன்ரை தமையன்தான் செய்தவர். இங்கை லண்டனிலை ஒரு வீட்டிலையாவது அவனுக்கெண்டு ஒரு பிடி சோறு படைக்கேல்லை. அதை அதுவரைக்கும் நாங்கள் ஒருத்தரும் நினைக்கவும் இல்லை.

"தள்ளுங்கோ, நான் சொல்லுறன்" எண்டு சுதா முன்னுக்குப் போனா. கோட்டை இழுத்து மூடிக்கொண்டு பின்கதவுக்கு நேரை நிண்டா. அந்த வெறும் இடத்தைப் பார்த்து வாயைத் திறந்தா. கண்ணன் தங்கடை வீட்டுப் படி ஏறின ஒவ்வொரு நாளும் அவ முதல் கேட்டது எதுவோ, அதுதான் வந்துது. "கண்ணன் அண்ணை, சாப்பிட்டனீங்களோ?"

 பிறகு ஸ்பிரிங் "கிரீச்" எண்டு எழும்பிச்சுது. ஆரோ கீழை குதிச்சு இறங்கின மாதிரிப் பிக்கப் ஆடி ஓய்ஞ்சு, மூக்குப் பதிஞ்சு நிண்டுது. செந்தில் சுவரோடை ஒட்டிட்டான். சுதாவின்ரை முகத்திலை ரத்தமே இல்லை, ஆனா மனிசி ஓடேல்லை. கையைக் கன்னத்திலை வைச்சுக்கொண்டு ஜெயத்தைப் பார்த்தா. "ஐயோ, நான் வீட்டிலை ஒண்டும் சமைக்கேல்லையே."

மூடின கதவு

அண்டைக்கே சமைச்சா. கடைத்தெருவிலை வாழையிலை வாங்கி, புட்டும், மீன்குழம்பும், கத்தரிக்காய்ப் பொரியலும், கண்ணனுக்குப் பிடிச்சதெல்லாம் வைச்சுப் படைச்சினம். எங்களையும் வரச்சொல்லி நானும் செந்திலும் போனம். படைச்சிட்டு, வழமைப்படி, செத்தவர் வந்து சாப்பிடட்டும் எண்டு கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியிலை வந்து நிண்டம். உள்ளுக்குக் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டுது. நான் செந்திலைப் பார்த்தன், அவன் தன்ரை சப்பாத்தைப் பார்த்தான். சுதா மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி வைக்க மறந்திட்டன்" எண்டு முணுமுணுத்தா. கொஞ்ச நேரத்தாலை கதவைத் திறக்க, இலையிலை வைச்சது வைச்சபடி கிடந்துது. அறைதான் வெறுமையா இருந்துது. அண்டைக்குத்தான் எனக்குக் கண்ணன் செத்துப்போனான் எண்டு உறைச்சுது.

சுதா இல்ஃபோர்ட்டுக்குப் போகேல்லை. அடுத்த கிழமை ஜெயம் பிக்கப்பைக் கொண்டுவந்தான். அவன் ஏற, இறங்க, சுத்தி நடக்கச் செந்தில் டேப் பிடிச்சுப் பார்த்தான். ஒரு அசைவும் இல்லை. லைட்டும் ஆரும் அடிக்கிறேல்லையாம். "இப்ப மூக்கு நல்லாப் பதிஞ்சு நிக்குது. நீ கேட்ட கிட்டை இப்ப தாராளமாப் போடலாம், போடட்டோ?" எண்டு கேட்டன். ஜெயம் பின்கதவைக் கையாலை தடவினான். "வேண்டாம் அண்ணை, பின்னுக்கு இப்பிடியே உயர்ந்து நிக்கட்டும், எப்பவாவது ஏறோணும் எண்டு நினைச்சானெண்டால் அவனுக்கு இடம் வேணுமே."

அந்தக் கிட் பெட்டி உடைக்காமல் என்ரை கராஜ் சுவர்த்தட்டிலை அப்பிடியே கிடக்கு, ஆருக்கும் வேணுமெண்டால் பிக்கப்பைக் கொண்டுவாங்கோ, ஆனா தயவுசெய்து தனிய வாங்கோ.