ரத்தம் கண்டால் ஆட்டத்தை நிறுத்துங்க

கபடித் திடலில் முதலுதவி மேசை போட்டு உட்காருகிறவர் கண்ணுக்கு ஆட்டம் தெரியாது. முழங்காலும் மூக்கும்தான் தெரியும். நர்ஸுகளே, விளையாட்டு ஆசிரியர்களே, 'மண்ணை வச்சுத் தேச்சா நின்னுடும்' என்ற வைத்தியத்தோடு நீங்களும் மல்லுக்கட்டியிருப்பீர்கள். தொண்ணூறுகளில் ஒரத்தநாட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். சம்பா அறுத்து வயல் காய்ந்ததும் ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். டாக்டர் என்னை அனுப்பிவிடுவார்.

ஒரு வாளி, ஒரு துண்டு

குடவாசல் பக்கம் ஓர் ஊர். அணிக்கு ஒரு வாளித் தண்ணீர், ஒரே துண்டு. ஒருவர் முழங்காலைத் துடைத்த துண்டு அடுத்தவர் கிழிந்த உதட்டுக்குப் போனது. பதறிப்போய் வாளியைக் கவிழ்த்தேன். "ஒருத்தர் ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருந்தா அடுத்தவர் காயம் வழியா உள்ள போயிடும். ஆளைப் பார்த்தாத் தெரியாது" என்றேன்.

அணியை நடத்தியவர் உரக்கடைக்காரர். சட்டென்று சைக்கிளில் ஏறிப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கேரியரில் ஒரு கட்டு, சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய பிரிக்காத பூத்துண்டுகள். "பெட்டியில பூட்டி வச்சு யாருக்குக் காட்டப் போறேன்? ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கச் சொல்லுங்க, சிஸ்டர்."

கையுறை

காலனித் தெரு ஆட்டக்காரர் ஒருவர் என் கையுறையைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டார். "எங்களைத் தொடக் கூடாதுன்னு போடறீங்களா?" யார் வந்தாலும் போடுவேன் என்றேன். அவர் நம்பவில்லை. பஞ்சைத் தானே அழுத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்.

அடுத்து மூக்கில் ரத்தத்தோடு மிராசுதார் மகன் வந்தார். பழைய உறையைக் கழற்றி, கையை சோப்புப் போட்டுக் கழுவி, புது ஜோடி மாட்டினேன். மிராசுதார் மகன் முகம் சுளித்தார். காலனிக்காரர் சிரித்துவிட்டுக் காலை நீட்டினார்: "அவரை முடிச்சுட்டு வாங்க, நான் இருக்கேன்."

செல்வராசு

இறுதி ஆட்டம். இரண்டு புள்ளி முன்னால் இருந்தது செல்வராசு அணி. பாடிப் போன செல்வராசுவை நாகூர் அணியின் சலீம் மடக்கிப் பிடித்தார். இருவரும் விழுந்ததில் செல்வராசுவின் நெற்றி கிழிந்து, ரத்தம் சலீமின் சிராய்த்த முழங்கையில் வழிந்தது. தூக்க ஓடி வந்தவர்களைச் செல்வராசு கைநீட்டித் தடுத்தார்.

"யாரும் தொடாதீங்க! எனக்கு ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கு. துபாய் விசாவுக்கு எடுத்த மெடிக்கல் டெஸ்ட்ல அதாலதான் திருப்பிட்டாங்க. சிஸ்டர், முதல்ல அவர் கையைக் கழுவுங்க. அடுத்த மாசம் அவருக்கும் மெடிக்கல் இருக்கு."

ஓடி வந்தவர்கள் பின்வாங்கினார்கள். விசா தள்ளிப்போயிருக்கிறது என்றுதான் செல்வராசு ஊரில் சொல்லி வைத்திருந்தார். கூட்டத்தில் அவர் அம்மா, "இனிமே உனக்கு யாருடா பொண்ணு குடுப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டார். செல்வராசு தன் நெற்றியைத் தானே அழுத்திக்கொண்டு நின்றார். சலீமின் முழங்கையை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு உறை மாற்றிச் செல்வராசுவுக்குக் கட்டுப் போட்டேன். ரத்தம் சிந்திய மண்ணில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி, அதை வெட்டிப் புதைக்க வைத்தேன். செல்வராசு இல்லாத அணி தோற்றது.

அன்றே சலீமை டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் ஆரம்பித்தோம். துபாய்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். ஆறு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே செல்வராசு வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். செல்வராசுவின் அம்மா தயங்கித் தயங்கி வைத்த சாப்பாட்டைச் சலீம், செல்வராசுவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது சொன்னார்: "அண்ணே, அன்னைக்கு நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா கோப்பை உங்க ஊருக்குத்தான் வந்திருக்கும்."

கட்டுப் போடத்தான் சம்பளம் வாங்கினேன், ஆனால் பாதி நேரம் இந்த மனிதர்களைப் பார்த்து வாய் பிளந்துதான் நின்றிருக்கிறேன்.