ஐம்பது கிடாரும் ஒரு கையெழுத்தும்

கிடார் செய்வதில் கஷ்டமில்லை. அதில் ஒரு பிரபலத்தின் பெயரைப் போட்டு விற்பதுதான் கஷ்டம். பிரபலங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

திருவரங்குளம் போகிற ரோட்டில் எங்கள் பட்டறை. முதலாளி மெய்யம்மை அக்கா. கலைஞர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சினிமாப் பாடகர் ஒருவர் பெயரில் ஐம்பது கிடார் செய்ய ஒப்பந்தம் போட்டோம். இது ஓடாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று அக்கா சொல்லியிருந்தார்.

கைக்கேற்ற கழுத்து

பாடகர் தன் கைக்குப் பொருத்தமான கிடார்க் கழுத்தைத் தேர்ந்தெடுக்க வந்தார். ஐந்து கழுத்துகளை வரிசையாக வைத்திருந்தோம். ஐந்தையும் கண்ணை மூடித் தடவி, இரண்டாவது ரொம்பத் தடிமன், நாலாவதுதான் தன் உயிர் என்றார். நான் பயபக்தியோடு குறித்துக்கொண்டேன். அவர் கார் கிளம்பிய பிறகு, அவற்றைச் செதுக்கிய செல்வி சொன்னார்: "ரெண்டும் ஒரே அளவுதாங்க. நாலாவதுல வார்னிஷ் நல்லா காஞ்சிருந்துச்சு, அம்புட்டுத்தான்."

கூடுதல் எழுத்து

பாடகரின் கையெழுத்தைச் சிப்பியில் வெட்டி ஐம்பது கிடாரிலும் செல்வி பதித்து முடித்தார். மறுநாளே பாடகரிடமிருந்து போன். எண் ஜோதிடர் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லிவிட்டாராம். கெஞ்சிப் பார்த்தேன், ராசி விஷயத்தில் சமரசம் கிடையாது என்றார்.

செல்வி அழுதுவிடுவார் என்று பயந்துதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் உளியை எடுத்தார். முதல் சிப்பியைப் பெயர்த்த பிறகு நிதானமாகக் கேட்டார்: "அடுத்த எழுத்து எப்ப வருதுன்னு ஜோசியர்ட்ட இப்பவே கேட்டுருங்களேன்?"

வெளியீட்டு விழா

புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் விழா. எங்கள் கிடாரை வாசிப்பதாகக் கையொப்பமிட்ட பாடகர், வேறொரு கம்பெனிக் கிடாரோடு மேடையேறினார். முன்வரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். இறங்கி வந்தவரிடம், உள்ளுக்குள் கொதித்தாலும் பணிவாகக் காரணம் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "அதுல என் கையெழுத்து இருக்குல்ல, அழுக்காயிரும்னு வீட்டுல வச்சிருக்கேன்."

மீமிசல் வாத்தியார்

கிடார்கள் பெட்டியிலேயே கிடந்தன. ஒருநாள் மீமிசலிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து, ஒன்றை எடுத்து அரைமணி நேரம் வாசித்தார். நாங்கள் செய்ததை ஒருவர் ஒழுங்காக வாசித்து அன்றுதான் கேட்டேன். செல்வி தேய்ப்பதை நிறுத்திவிட்டார். அக்கா அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். வாத்தியார் கிடாரை மெல்லக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சத்தம் ரொம்ப நல்லாருக்குங்க, இந்தப் பேரு இல்லாம ஒண்ணு கிடைக்குமா?"

அன்றிலிருந்து பெயர் போடாத கிடார் செய்துதான் பட்டறை பிழைத்துக் கிடக்கிறது; கையெழுத்து இல்லையே என்று குறைப்படுகிறவர்களுக்கு ரசீதில் நானே ஒன்று போட்டுத் தருகிறேன்.