அப்பா கண்டுபிடித்த அமைதியான தெரு

அப்பாவுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று சத்தம், இன்னொன்று சத்தம் போடுகிறவர்கள். அப்படிப்பட்டவர் சின்னசேலம் ரயில் நிலையத்துக்கு எதிரில் பத்து வருஷம் குடியிருந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து இந்த எரிச்சல்தான். இன்றைக்கும் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் கையிலிருக்கும் புத்தகத்தை மூடிவிட்டு அவர்கள் சட்னியைச் சபித்துக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்குக் கள்ளக்குறிச்சிக் காலேஜில் இடம் கிடைத்தபோது இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. பஸ் ஒருநாள் ஓடும், இரண்டு நாள் ஓடாது. அதை நம்பி மகளை அனுப்ப முடியாது, குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்றார் அப்பா. ஆனால், காலேஜ் சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்க வேண்டும். தெருவில் சத்தம் இருக்கக் கூடாது. அப்படி வீடு அமையாவிட்டால், தியாகதுருகத்தில் டிராக்டரோடு காத்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவதாக அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார்.

சைக்கிள் மிதிப்பதில் பிரச்சினை இல்லை. கள்ளக்குறிச்சி மேடுபள்ளம் இல்லாத ஊர். கல்வராயன் மலை தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. சத்தம்தான் சிக்கல். ஆறு வீடு பார்த்தார். ஒன்றுக்குப் பக்கத்தில் மாவு மில், ஒன்றுக்கு எதிரில் டியூஷன், ஒன்றில் வீட்டுக்காரருக்கே இருமல். காலேஜில் சேர இரண்டு நாள்தான் பாக்கி. அக்கா வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். எதற்கென்று தெரியாமல் அவள் பின்னாலேயே நானும் நடந்தேன்.

அன்று காலை, மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனார்.

“இன்னிக்கே போலாம்பா. சைக்கிள்தான் இருக்குதே. எங்கூடப் படிச்ச பொண்ணு தெருவுல ஒரு வூடு காலியா இருக்குதாம்” என்றாள் அக்கா.

அக்கா ஒரு சைக்கிளில், அப்பா ஒன்றில், அவர் கேரியரில் மூட்டை மாதிரி நான். முதல் மரம் பெரிய புளியமரம். அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போகிறோம் என்று விசாரித்தார்கள். வீடு பார்க்க என்று அப்பா சொன்னதும் சிரித்துவிட்டார்கள். காலேஜில் சேர என்று அக்கா சொன்னாள். சிரிப்பு நின்றது.

“அதுக்குத்தாம்மா நாங்களும் குந்திகினு இருக்கோம்” என்று ஒரு மீசைக்காரர் அவள் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். அப்பா சைக்கிளை யாரும் தூக்கவில்லை, என்னையும்தான்.

அந்தத் தெருவில் காக்கா கூடக் கத்தவில்லை. அப்பா நடுவில் நின்று, கடிகாரம் கட்டிய கையை முழுசாக நீட்டி, டிக் டிக் சத்தம் கேட்கிறது என்றார். பத்து வருஷத்தில் அவர் முகத்தில் நான் அப்படியொரு ஆனந்தத்தைப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் அதே தெருமுனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய். சாவியை எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார்.

“ரோடு தெறக்கட்டும் சார். இன்னொரு தபா வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இந்தத் தெருவுல...”

“தண்ணி எப்படிங்க பாய்?” என்று அக்கா குறுக்கே கேட்டாள்.

அவள் கையில் காலேஜ் காகிதம் சுருண்டு, வேர்வையில் நனைந்திருந்தது. பாய் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“தண்ணிக்குக் கொறையில்லம்மா” என்றார்.

அப்பா அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் அக்கா மறுபடியும் மரங்களைத் தாண்டிப் போய்க் காலேஜில் சேர்ந்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் ரோடு திறந்தது. சாமான்களோடு எங்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்ததும் அப்பா வழி சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் கேட்டுக்கொள்ளாமலே இடமும் வலமும் திருப்பி, எங்கள் வாசலில் கச்சிதமாக நிறுத்தினார். அப்பா அசந்துபோனார்.

“எங்க லாரி ஆபீஸ் எதிர்லதான சார்” என்றார் டிரைவர்.

எதிரே ஷட்டர் தூக்கியிருந்தது. கல் விழும் என்று பயந்து உள்ளே கழற்றிவைத்திருந்த போர்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற நாலு லாரிகள், எங்கள் லாரியை நகர்த்தச் சொல்லி ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. அப்பா நீட்டிய கையோடு ஓடினார், இந்தத் தடவை பாயிடம் நியாயம் கேட்க. நானும் கூட ஓடினேன். அக்கா வாசல்படியில் பாத்திர மூட்டையை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பாய் எங்களைத் தாண்டி அவளை ஒருமுறை பார்த்தார்.

“சொல்லியிருக்கணும் சார். என் தப்புதான்.”

தப்பை ஒத்துக்கொண்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் அப்பா திரும்பி வந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். மூன்று வருஷம் எடுக்கவில்லை.

பொய் சொல்லி வீட்டைத் தலையில் கட்டிய பாயோடு பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். அவர் நீட்டிய ஆரஞ்சு மிட்டாயைக்கூட வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அக்காவுக்குத்தான் ரோஷமே இல்லை. வாத்தியாரைக் கண்டாலும் இறங்காமல் மணியடித்துவிட்டுப் பறக்கிறவள், தினமும் காலேஜ் போகும்போது இரும்புக்கடை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கினாள். தள்ளிக்கொண்டே கடையைத் தாண்டிப் போய், பிறகுதான் ஏறினாள். இத்தனை பெரிய பொய்யருக்கு எதற்கு இந்த மரியாதை என்று நான் வாசலில் நின்று பல்லைக் கடித்தேன்.