ரோசக்காரி

அம்மாவின் நெஞ்சில் கிடந்த ஈரத்துண்டு நான் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் இல்லை; ஆனாலும் "நெஞ்சு எரியுதுடி" என்று நாள்கணக்கில் பாயிலேயே கிடப்பாள். யாராவது முகம் கொடுத்துப் பேசாவிட்டால், கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிடாவிட்டால் அம்மாவுக்கு அப்படித்தான் ஆகும். எங்கள் அத்தை அதற்கு வைத்திருந்த ஒரே பெயர் "ரோசக்காரி".

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சூளையில் வேலை. அம்மா தையல் தைத்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்துப் பேசிய ஒரே ஆள் பக்கத்து வீட்டு லூர்து அக்காதான். நான் ஐந்தாவது முடித்த கோடையில் அவர் மகள் ஸ்டெல்லாவுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைக் கவுனை லேஸ் வைத்துத் தைத்தது அம்மா.

முந்தின நாள் சாயங்காலம் லூர்து அக்கா ஒவ்வொரு வாசலாக நின்று, "நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுங்க" என்று அழைத்துக்கொண்டே வந்தார். அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக் கதவோரம் நின்றிருந்தாள். அக்கா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்.

"வூட்டு ஆளுன்னு நெனச்சிருப்பாங்க, கெளம்பு" என்று மறுநாள் அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா பாயை விட்டு எழவில்லை. விருந்து முடிந்ததும் லூர்து அக்கா தூக்குச்சட்டியில் பிரியாணியோடு வந்து, "கௌரி, கதவத் தொற. ஏன் வரல?" என்று தட்டிக்கொண்டே நின்றார். அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். சட்டியை வாசலில் வைத்துவிட்டு அக்கா போய்விட்டார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அடுத்த வருஷம் அவர்கள் சேத்தியாத்தோப்புக்குக் குடிபோனார்கள். அம்மா யாரோடும் பழகாமல், எந்த விசேஷத்துக்கும் போகாமல், தையல் மெஷினோடு காலத்தைத் தள்ளிச் செத்தும் போனாள்.

எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் பதில் போடாததற்குச் சோறு தண்ணி இல்லாமல் நான் கிடந்தபோது, என் கணவர் கடலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். "ஒதுக்கப்படறதும் அடிபடறதும் மூளைக்குக் கிட்டத்தட்ட ஒரே வலிம்மா. வலியைத் தணிக்கிற ரசாயனம் மூளையிலேயே சுரக்கும். சிலருக்கு இந்த மாதிரி நேரத்துல அது சரியா கைகொடுக்காது. இது குணக்கேடு இல்ல" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இதை அம்மாவுக்கு யாருமே சொல்லவில்லை.

போன மாதம் லூர்து அக்காவைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது.

"லைன் வூடெல்லாம் இடிச்சிட்டாங்களாமே?"

"ஆமாக்கா. கருவேலமுள்ளு மண்டிக் கெடக்குது."

பிறகு அவராகவே சொன்னார்: "உங்கம்மாளுக்கு என்ன கொற வச்சேன்னு இன்னிக்கும் தெரியல. கூடப் பொறந்தவள யாராச்சும் வாசல்ல நின்னு அழைப்பாங்களா? ஸ்டெல்லா பக்கத்துல அவளுக்குன்னு எலை போட்டு வச்சிருந்தேன்."

மருத்துவர் சொன்னதையெல்லாம் விளக்கிச் சொல்லத்தான் போயிருந்தேன். "அவங்களுக்கு உங்க மேல கோவமில்லக்கா, வலிச்சுது" என்பது மட்டுமே வாயில் வந்தது.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.