குட்டை இதழ்

ஓசூர் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நான் செக்கராக இருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காருகிற டெய்லர் ஒருத்தி இருந்தாள். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. மெஷின் ஊசி ஏறிய ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. டிபன் பாக்ஸை மூடியதும் கைக்குட்டையில் பூப்போட ஆரம்பித்துவிடுவாள். பிள்ளைகள் பிறந்த மாதத்தில் எது பூத்ததோ அந்தப் பூ. பெரியவளுக்குச் சாமந்தி, சின்னவளுக்கு ஆவாரம்பூ. அவற்றை முடித்த பிறகு, காம்போடு ஒரு வேப்பம்பூவை மட்டும் வாரத்துக்கு ஒன்றாகப் புதுப்புதுக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒவ்வொண்ணுலயும் ஒரு இதழ் குட்டையா இருக்கே," என்றேன். குறை கண்டுபிடிப்பதுதானே என் வேலை.

"அப்படித்தான் இருக்கணும் கண்ணு. மூணாவதும் பொண்ணு. சித்திரையில பொறந்தா. வேண்டான்னுட்டாரு அவரு. கவர்மெண்ட் வெச்ச தொட்டில்ல விட்டுட்டு வந்தோம். அவசரமா போட்ட பூவு, ஒரு இதழுக்கு நூல் பத்தல. அந்தக் கைக்குட்டையத்தான் புள்ள கையில சுத்தி விட்டேன். என்னைக்காவது அத எடுத்துக்கிட்டு வந்தா, ஒத்துப்பாக்க எங்கிட்டயும் ஒண்ணு வேணுமில்ல."

கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள். "நல்லாப் பாத்துச் சொல்லு. சரியா இருக்கா?"

போன வாரம் காம்புக்கு இடப்பக்கம் இருந்த குட்டை இதழ், இந்த வாரம் வலப்பக்கம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் உச்சியில் இருந்தது. எந்த இதழ் என்பது அவளுக்கே மறந்துபோயிருக்க வேண்டும்.

சரியாக இருக்கிறது என்று சொல்லி மடித்துக் கொடுத்தேன்.