யானைக்குக் கேட்காத தூரத்தில் ஒரு ஜெனரேட்டர்

போர்ட் பிளேருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஜெயிலைப் பார்ப்பார்கள், வண்டூரில் கால் நனைப்பார்கள், கப்பலேறி ஊருக்குப் போய் அந்தமானையே அளந்துவிட்டதாகச் சொல்வார்கள். நான் போன இடத்துக்கு அவர்கள் போனதில்லை. போனாலும் நான் செய்த காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் படித்தவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளலாம். விஷயத்தில் தப்பு இருக்காது.

எழுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடக்கும் காலம். அதிகாலையில் சாத்தம் ஜெட்டியிலிருந்து புறப்பட்டோம். நாங்கள் என்றால், நான், தூத்துக்குடி அந்தோணி, அவனுடைய மோட்டார் போட், அப்புறம் என் ஜெனரேட்டர். ஜப்பான் மிஷின். ஒரு ஆள் ஒரு கையில் தூக்கலாம். கல்கத்தாவிலிருந்து தொள்ளாயிரம் ரூபாய்க்குத் தருவித்தேன். அபர்டீன் பஜாரில் என் பேட்டரிக் கடைக்கு எதிர்க்கடைக்காரர்கள் அதைப் பார்த்து, "கல்யாண வீட்டுக்கு லைட் போடவா?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவரும் இந்த ஜெட்டியில் என்னைப் போல ஒன்பது வருஷம் மூட்டை சுமந்தவர் இல்லை. மூட்டை சுமந்து, ராத்திரியில் லாரி ஷெட்டில் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றப் பழகி, சொந்தக் கடை வைத்தவன் நான்.

போகிற இடம் லிட்டில் அந்தமான். போர்ட் பிளேருக்குத் தெற்கே அறுபது மைலுக்கும் மேல். அங்கே காட்டுக்குள் ஒரு மரவெட்டு காம்ப். கூடாரங்களும் மூங்கில் கொட்டகைகளும்தான். காம்ப்பின் வயர்லெஸ் பேட்டரி படுத்துவிட்டது, வேறு அனுப்பு என்று மரக் கான்ட்ராக்டர் என்னிடம் வந்தார். "பேட்டரி அனுப்பினா பத்து நாள்ல அதுவும் படுத்துரும். மிஷினையே கொண்டுபோய் அங்க வச்சு ஏத்திக் காட்டுறேன்" என்றேன். ஒன்றும் ஆகாவிட்டால் போட் கூலி என் கைக்காசு என்றும் சொல்லிவிட்டேன்.

அன்றிரவு ரட்லண்ட் தீவோரம் நங்கூரம் போட்டோம். சோறும் கருவாடும். அந்தோணி மிஷினைத் தட்டிப் பார்த்துக் கேட்டான்: "அண்ணாச்சி, இது நடுக்கடல்ல என் எஞ்சின இழுக்குமா?"

"ஏல, இது கரண்ட் குடுக்கும். ஒன் எஞ்சின் மாதிரி இருமாது."

மறுநாள் காலை பத்து மணிக்குக் காம்ப் இருக்கும் கழிக்குள், கடல்தண்ணீர் ஏறி இறங்கும் ஓடைக்குள், நுழைந்தோம். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், வேரை வலைபோலப் பின்னிக்கொண்டு நின்றன. நல்ல ஏற்றம், தண்ணீர் கரை முட்ட நின்றதால் காம்ப் வாசல் வரைக்கும் போட் போனது. வயர்லெஸ் ஆபரேட்டர் ஒரு வங்காளி பாபு. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பைட்டரி ஏக்தம் கத்தம், பாய். அஞ்சு மணிக்குள்ள ஆகுமா?"

அஞ்சு மணியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் யானை நின்றது. பெயர் மோத்தி. மரம் இழுக்கும் யானை. முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கிவைத்திருந்தது. பாதம் பானைபோல வீங்கியிருந்தது. பக்கத்தில் பாகன் காளியப்பன், பொள்ளாச்சிப் பக்கத்து ஆள், வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா தீனி எடுக்கலைங்க. உள்ள சீழ் கட்டிருச்சு. டாக்டர் வந்து கீறோணும். இல்லீன்னா கால் போச்சுங்க. கால் போன யானைய யாருங்க வெச்சுக்குவாங்க?"

கதை இதுதான். மிருக டாக்டர் போர்ட் பிளேரில் இருக்கிறார். நாளைக் காலை நிக்கோபார் போகும் கப்பல் சொன்னால்தான் இங்கே நிற்கும். போர்ட் பிளேர் வயர்லெஸ்ஸில் இந்தக் காம்ப்புக்கு ஒதுக்கிய நேரம் சாயங்காலம் ஐந்து மணி. அந்த நேரத்தில் சொன்னால் டாக்டர் கப்பலேறுவார். தவறினால் அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்து. அந்தோணியின் போட்டில் திரும்பிப் போனாலும் கப்பலைப் பிடிக்க முடியாது.

"இவ்வளவுதானே" என்றேன். மிஷினை இறக்கி, பெட்ரோல் ஊற்றி, எல்லாரும் பார்க்கக் கயிற்றைச் சுண்டினேன். ஒரே இழுப்பு.

என் மிஷினின் குரல் அப்படி. ஆறு பேர் இழுத்தாலும் அசையாத மோத்தி, பிளிறிக்கொண்டு சங்கிலியை அறுத்து, அந்தக் காலையே ஊன்றிக் காட்டுக்குள் பாய்ந்தது. காளியப்பன் பின்னாலேயே ஓடினார். நான் மிஷினை அணைத்தேன். அரை மணி கழித்து அவர் அதைத் தடவித் தடவிக் கூட்டிக்கொண்டு வந்தபோது பாதத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, உங்க சாமான எடுத்துட்டுப் போயிருங்க. இன்னொருக்கா அது கத்துச்சுன்னா என்ற பிள்ள செத்துப்போவா."

"மிஷின் கத்தலேன்னா டாக்டர் வரமாட்டாரு."

"அது எனக்கும் தெரியுதுங்க. அவளுக்குத் தெரியலையே."

பாபு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தோணி என்னைப் பார்த்து, "பஜார்ல சிரிச்சானுவ. இப்ப யானையும் சேந்துக்கிட்டு" என்றான். அவன் வாய் அப்படித்தான். ஆனால் அந்த வாயைப் பார்த்தபோதுதான் அவனுக்குப் பின்னால் நின்ற போட் கண்ணில் பட்டது. யானையைத் தள்ளிக் கட்ட முடியாது. அந்தக் காலால் நடக்காது. மிஷினைத் தள்ளிக் கட்டலாம். பூமியில் இடமில்லை என்றால் தண்ணீரில் இருக்கிறது.

பேட்டரியையும் மிஷினையும் போட்டில் ஏற்றினேன். அடியில் சாக்கில் மணல் நிரப்பிப் பரப்பினேன், அதிர்வு குறைய. காம்ப்பிலிருந்து கழி நேராக ஓடும், ஒரு மைலுக்குக் குறையாது. காளியப்பனிடம் சொன்னேன்: "நான் மிஷின போடுவேன். அவ காது விரிஞ்சா துண்ட வீசும். காது அடங்கினா துண்ட தோள்ல போடும்."

இரண்டு பர்லாங் துடுப்புப் போட்டு, கயிற்றைச் சுண்டினேன். கரையில் வெள்ளைத் துண்டு வீசியது. அணைத்தேன். அரை மைல். துண்டு வீசியது. முகத்துவாரம், கழி கடலோடு சேரும் இடம். சுண்டினேன். துண்டு மேலே போனது. கை அப்படியே நின்றது. பிறகு துண்டு மெதுவாக இறங்கித் தோளில் விழுந்தது.

"யம்மா, தாயே" என்று அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டான்.

சிவப்பு ஒயரைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் மாட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் மிஷினுக்குப் பாய் பிடித்து நிழல் கொடுத்தேன், எனக்கில்லை. இடையிடையே மிஷினை அணைத்து பேட்டரியில் காதை வைத்துக் கேட்பேன். கரண்ட் ஏறிய ஆசிட் கொள்ளு வேகிற மாதிரி சலசலக்கும். அந்தச் சத்தத்தைப் படிக்கிற படிப்பு எந்தக் காலேஜிலும் இல்லை. நாலு மணிக்குச் சலசலப்பு நன்றாக எழுந்தது. போதும் என்றேன்.

அந்தோணி நங்கூரத்தைத் தூக்கிக் கழிக்குள் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். "அண்ணாச்சி, தண்ணி எங்க?"

வற்றம். காலையில் கரை முட்ட நின்ற கழி வயிறு ஒட்டிக் கிடந்தது. கால்வாசி தூரம் போனதும் போட் சேற்றில் அமர்ந்தது. காம்ப்பில் இருந்த ஒரே சின்னத் தோணி, டோங்கி என்பார்கள், அதுவும் அடி பெயர்ந்து கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஏற்றம் திரும்ப ராத்திரி ஆகும். ஐந்து மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம்; முக்கால் மைல் சேறு.

"ஏல, அந்தச் சாக்க சும்மாடு கட்டு."

"அண்ணாச்சி, இது மொதல இருக்கற கழி. வயசென்ன ஆச்சு ஒமக்கு?"

"நாப்பத்தாறு. தலைக்கு இருபதுதான்."

பேட்டரியைத் தலையில் ஏற்றினேன். சாயக் கூடாது, சாய்ந்தால் ஆசிட். சேறு முழங்கால் வரை விழுங்கியது. அந்தோணி முன்னால் துடுப்பால் சேற்றையும் தண்ணீரையும் அடித்துக்கொண்டே போனான், முதலைக்குக் கேட்க. வாய் மட்டும் ஓயவில்லை. "மாதாவே, நான் போனா என் பெஞ்சாதிக்கு இந்தப் போட்ட குடு, இந்த மனுசன குடுத்துராத." சிரிப்பு வந்தால் கழுத்து ஆடும், நான் சிரிக்கவில்லை. சாத்தத்தில் ஆடுகிற பலகையில் சிமெண்ட் மூட்டையோடு ஓடிய கழுத்து இது. ஒரு சொட்டு ஆசிட் தோளில் விழுந்து சட்டையைத் தின்றது. தின்றுவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன்.

கரையில் பாபு கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒயரை மாட்டுவதற்கும் மணி ஐந்தாவதற்கும் சரியாக இருந்தது. பெட்டி கரகரத்தது. பிறகு போர்ட் பிளேரின் குரல் வந்தது. பாபு இந்தியிலும் வங்காளத்திலும் இங்கிலீஷிலும் கத்தினார். காளியப்பன் வாசலில் நின்று, "கெடைச்சுதாங்க? டாக்டர் வாராருங்களா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பாபு திரும்பி, "ஆயேகா" என்றார், வருவார் என்று. காளியப்பனுக்கு இந்தி அவ்வளவு வராது. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்குத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கப்பல் நின்றது. டாக்டர் இறங்கினார். பாதத்தைக் கீறியதும் ஒரு படி சீழும், விரல் நீள மூங்கில் சிம்பும் வந்தன. மூன்றாம் நாள் மோத்தி நாலு காலையும் ஊன்றி நின்று, காளியப்பனின் துண்டைப் பிடுங்கித் தின்னப் பார்த்தது. அதற்குள் நான் தினமும் முகத்துவாரத்துக்குப் போய், காம்ப்பில் இருந்த இன்னும் இரண்டு பேட்டரிக்கும் ஏற்றிவைத்தேன்.

புறப்படும் காலையில் காம்ப் முழுவதும் கரைக்கு வந்தது. காளியப்பன் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். "உங்க மிஷினுக்கு ஒரு கும்பிடுங்க. ஆனா இங்க போட்டறாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பஜாரில் கேட்ட சிரிப்பு வேறு, இது வேறு.

கழியைத் தாண்டும் வரை மிஷினைத் தொடவில்லை. முகத்துவாரமும் போனது, தீவின் பச்சையும் கரைந்தது. எங்கள் ஊரில் நான் பிறந்த தெருவுக்கு அன்றுவரை கரண்ட் வரவில்லை. அந்தத் தெருக்காரன், ரோடும் இல்லாத ஒரு தீவில் கரண்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். நான் கயிற்றைச் சுண்டினேன். ஒரே இழுப்பு.

"ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. எதுக்கு வீணா பெட்ரோலு?"

"ஏல, இத்தன நாளா யானைக்குக் கேக்கக் கூடாதுன்னு ஓட்டுனேன். இது எனக்குக் கேக்க."

டாங்கில் பெட்ரோல் தீரும் வரை நடுக்கடலில் அது முழங்கிக்கொண்டே வந்தது. நான் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டு கேட்டேன்.